பல்லுக்கு எந்தக் கம்பி?

'கம்பி' என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் நெடுங்காலமாக இரண்டு பெருமைகள் உண்டு. கடன் வாங்கியவன் அதை நீட்டுவான். அகப்பட்டுக்கொண்டவன் அதை எண்ணுவான். இப்போது மூன்றாவது கம்பி ஒன்று சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் பட்டணத்துப் பிள்ளைகளிடம் மட்டுமே காணக்கூடியதாயிருந்த இந்த ஆபரணம், இன்று விசைத்தறிச் சத்தம் ஓயாத தெருக்களிலும் சகஜமாகிவிட்டது.

உபாத்தியாயரிடம் ஜனங்கள் கேட்காத விஷயம் கிடையாது. மேற்படிப்பு, மூக்குக் கண்ணாடி, பாங்கிக் கடன் ஆகிய எல்லாவற்றுக்கும் அவருடைய அபிப்பிராயம் தேவை. அந்த வரிசையில் இதுவும் சேர்ந்துகொண்டது. "கிளிப் போடணும்னு சொல்லுதாங்க, சார். சாதாரணக் கம்பி போதுமா, வெள்ளையா இருக்கிறதைப் போடணுமா? வெளியிலேயே தெரியாம ஒண்ணு இருக்காமே, அதுதான் ஒசத்தியா?" என்று தாய்மார்களும் தகப்பனார்களும் கேட்கிறார்கள். மகளின் பல்லுக்காக நகையை அடகு வைக்க யோசிக்கும் குடும்பங்களும் உண்டாகையால், இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல.

கேள்வி நியாயமானது, ஆனால் வரிசை தவறானது. முகூர்த்த நாளே பார்க்காமல் பந்தற்காரரிடம் பந்தலின் நிறத்தைப் பற்றித் தர்க்கம் செய்வதுபோல் இருக்கிறது. கம்பி வேண்டுமா, எப்போது வேண்டும், யார் கையால் வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்குப் பிறகுதான் எந்தக் கம்பி என்ற நான்காவது கேள்வி வர வேண்டும். முதல் மூன்றுக்கும் சரியான விடை கிடைத்துவிட்டால், நான்காவது அவ்வளவு கடினமாயிராது.

பல் எப்படி நகர்கிறது?

எலும்பில் முளைத்த பல் எப்படி இடம் பெயரும் என்ற வியப்பு யாருக்கும் உண்டாவது இயல்பே. பல் எலும்போடு ஒட்டி நிற்பதாக நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் கனம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். பல்லை ஒரு பக்கமாக இலேசாகத் தள்ளிக்கொண்டேயிருந்தால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப் பக்கத்தில் புதிய எலும்பு ஊறுகிறது. ஸ்வீடன் தேசத்து ஸாண்ட்ஸ்டெட் என்பவர் நாய்களின் பற்களில் சோதனை செய்து இந்த உண்மையை 1904-ல் விளக்கினார். கம்பியின் வேலை அந்த இலேசான தள்ளுதலைக் கொடுப்பது மாத்திரமே. மீதி வேலையைச் செய்வது உடம்பு.

உடம்பு செய்கிற வேலையை அவசரப்படுத்த முடியாது. மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். அதுதான் பல்லின் நடை. பலத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்று எண்ணுவது, தறியில் பாவு நூலை வெடுக்கென்று இழுத்தால் சேலை சீக்கிரம் முடியும் என்று எண்ணுவதைப் போன்றது. இழை அறுந்துதான் போகும். பல்லிலும் அப்படித்தான், அதிக பலம் கொடுத்தால் வேர் நுனி கரைந்து குட்டையாகும் அபாயம் உண்டு. ஆகையால்தான் பெரும்பாலோருக்கு இந்தச் சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு வருஷம் பிடிக்கிறது. "ஆறே மாதத்தில் முழுதும் நேராகிவிடும்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் சற்று எச்சரிக்கையாயிருப்பது நலம்.

முதற் கேள்வி: வேண்டுமா?

நம் பாஷையில் பல்லின் கோணலுக்கு நல்ல நல்ல பெயர்கள் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் தெத்துப்பல். முன்னுக்கு நீண்டால் எத்துப்பல். கோரைப்பல் மேலே எட்டிப் பார்த்தால் சிங்கப்பல். ஆனால் இவையெல்லாம் வெளியே தெரிகிற முன்வரிசைக்குச் சூட்டிய பெயர்கள். வைத்தியர் பார்ப்பது உள்ளே இருக்கும் கடைவாய்ப் பற்களை. மேல் வரிசையும் கீழ் வரிசையும் எப்படிக் கவ்வுகின்றன என்பதே அவருக்கு முக்கியம். அமெரிக்காவைச் சேர்ந்த எட்வர்ட் ஆங்கிள் என்ற பல் வைத்தியர் 1899-ல், முதற் கடைவாய்ப் பற்களின் பொருத்தத்தை அடிப்படையாக வைத்து, பல் கோணல்களை மூன்று இனமாக வகுத்தார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த வகுப்புமுறை இன்றும் வழக்கில் இருக்கிறது.

கோணல் ஏன் உண்டாகிறது? தாடை சிறிதாகவும் பல் பெரிதாகவும் அமைந்துவிட்டால் இடநெருக்கடி ஏற்படுகிறது. தாய் தந்தையரின் முக அமைப்பு பிள்ளைக்கு வருவதும் ஒரு காரணம். நாலைந்து வயதுக்கு மேலும் விரல் சப்புகிற பழக்கம் மேற்பற்களை முன்னே தள்ளிவிடும். நாம் அதிகமாக அலட்சியம் செய்யும் காரணம் ஒன்று உண்டு, அதுதான் பாற்பல். "விழப்போகிற பல்தானே!" என்று சொத்தையை விட்டுவிடுகிறோம். பாற்பல் வெறுமனே நிற்கவில்லை. பின்னால் வரும் பல்லுக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறது. கடைவாயிலுள்ள பாற்பல் காலத்துக்கு முன்பே போய்விட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சரிந்துகொள்ளும். புதிய பல் முளைக்க வழியின்றிக் கோணிக்கொண்டு வரும். விழுந்த பாற்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதில் காட்டுகிற சிரத்தையில் பாதியை அது விழுவதற்கு முன்னால் காட்டியிருந்தால், பல பிள்ளைகளுக்குக் கம்பிச் செலவு குறைந்திருக்கும்.

கோணல் எல்லாவற்றுக்கும் கம்பி அவசியமா? இல்லை. கடிப்பு சரியாயிருந்து, துலக்குவதற்கும் இடையூறு இல்லாமல், சிங்கப்பல் ஒன்று மட்டும் எட்டிப் பார்த்தால், அது அழகைப் பற்றிய விஷயமேயன்றி ஆரோக்கியத்தைப் பற்றியதன்று. அப்போது கேட்க வேண்டியது பிள்ளையின் விருப்பத்தை. அத்தையின் அபிப்பிராயத்தை அல்ல. ஆனால், மேற்பல் மிகவும் நீண்டு விழுந்தால் உடைந்துவிடும்படி இருந்தாலும், கீழ்ப்பல் மேல் ஈறில் குத்தினாலும், மெல்லுவதிலோ பேசுவதிலோ சிரமம் இருந்தாலும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. வாயைக் கையால் மூடிக்கொண்டே பாடம் ஒப்பிக்கிற பெண்ணின் சங்கடத்தையும் அற்பமென்று ஒதுக்கலாகாது. அதுவும் ஒரு தேவைதான்.

இரண்டாவது கேள்வி: எப்போது?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழி பல்லுக்குப் பாதி பொருந்தும். பாதிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழு வயதளவில் ஒரு முறை காட்டிப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பரிசோதனை என்றால் உடனே கம்பி என்று அர்த்தமல்ல. முன்னே நீண்ட மேற்பற்கள் உள்ள பிள்ளைகளைக் குறித்து நடந்த ஆராய்ச்சிகளைக் காக்ரேன் என்னும் சர்வதேச ஸ்தாபனம் தொகுத்து 2018-ல் வெளியிட்டது. சிறு வயதிலேயே சிகிச்சை தொடங்கினால், விளையாட்டிலும் விழுவதிலும் முன்பல் அடிபடுவது குறைகிறது. அதைத் தவிர, பருவ வயதில் ஒரே தடவையாகச் செய்துகொள்வதைவிட வேறு பெரிய லாபம் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. ஆகவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு, பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வந்துவிட்ட 11 முதல் 14 வயது வரையுள்ள காலம் ஏற்றது. தாடை எலும்பின் வளர்ச்சியிலேயே கோளாறு இருந்தால் மட்டும் முன்னதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

பழமொழியின் மறு பாதி பொய்யாகிவிட்டது. ஐம்பதிலும் பல் வளையும்! ஈறும் எலும்பும் உறுதியாயிருந்தால் எந்த வயதிலும் பல்லை நகர்த்தலாம். தாடையின் வளர்ச்சியை மாற்றுவதுதான் வளர்ந்தபின் கம்பியால் ஆகாத காரியம்.

இங்கே ஒன்றைப் பச்சையாகச் சொல்லிவிட வேண்டும். பத்து வருஷம் பெண்ணின் பல்லைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனபின், திடீரென்று வீடு முழுவதற்கும் அவளுடைய பல் தெரிய ஆரம்பிக்கிறது. தை மாதம் கல்யாணம், ஐப்பசியில் கம்பி! மூன்று மாதத்தில் எலும்பு என்ன செய்யும்? நேரமில்லாத காரணத்தால், சில வீடுகளில் நல்ல பல்லை அராவி மேலுறை மாட்டிவிடுகிறார்கள். அராவிய பல் திரும்ப வளராது. பெண்ணின் பல்லுக்கு வைத்தியம் செய்வது அவளுக்காக இருக்கட்டும். பன்னிரண்டு வயதில் செய்யலாம். வருகிறவர்களுக்காகச் செய்வதானால், அதற்கு முடிவே கிடையாது.

மூன்றாவது கேள்வி: யார் கையால்?

நம் தேசத்தில் முதல் பல் வைத்தியக் கல்லூரியை 1920-ல் கல்கத்தாவில் டாக்டர் ரபியுத்தீன் அகமது நிறுவினார். பல் வைத்தியர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1948-ல் வந்தது. சென்னையில் அரசினர் பல் வைத்தியப் படிப்பு 1953-ல் ஆரம்பமாயிற்று. இன்றோ பல் டாக்டர் பலகை இல்லாத கடைத்தெருவே இல்லை. ஆனால், ஐந்து வருஷம் பல் வைத்தியம் படித்தபின், பல்லை வரிசைப்படுத்தும் துறையை மட்டும் மேலும் மூன்று வருஷம் பயின்றவர்கள் தனி. அவர்களை ஆர்த்தோடான்டிஸ்ட் என்கிறார்கள். "இந்தத் துறையில் தாங்கள் மேற்படிப்புப் படித்தவரா?" என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், தறி வாங்குகிறவன் கேட்கிற கேள்விகளில் பாதிகூட நாம் வைத்தியரிடம் கேட்பதில்லை.

நல்ல வைத்தியர் முதல் நாளே கம்பியை ஒட்டமாட்டார். எக்ஸ்ரே எடுப்பார், பல்லின் அச்சு எடுப்பார், படம் பிடிப்பார், கணக்குப் போடுவார். சில சமயம், "நாலு பல்லை எடுக்க வேண்டும்" என்பார். "நல்ல பல்லைப் பிடுங்குவதா?" என்று நாம் பதறுகிறோம். இந்தப் பதற்றம் நமக்கு மட்டும் உரியதன்று. ஒரு பல்லையும் இழக்கக் கூடாது என்றார் மேலே சொன்ன ஆங்கிள். அது எல்லாருக்கும் பொருந்தாது என்று கால்வின் கேஸ் என்பவர் 1911-ல் வாதாடினார். கடைசியில் ஆங்கிளிடம் படித்த சார்லஸ் ட்வீட் என்பவரே, பல் எடுக்காமல் தாம் நேராக்கிய வாய்களில் பல மீண்டும் கோணிப் போனதைக் கண்டு, நாலு பல்லை எடுத்துவிட்டு அவற்றுக்கு மறுபடியும் சிகிச்சை செய்தார். எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சியில் பத்துப் பேரை நேராக உட்கார வைக்க இயலுமா? இரண்டு பேரை எழுப்ப வேண்டும், அல்லது பெஞ்சியை நீட்ட வேண்டும். எது முடியும் என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அளக்காமலே எடுக்கச் சொல்பவரையும், அளக்காமலே எடுக்க வேண்டாம் என்பவரையும் ஒரே மாதிரி சந்தேகிக்கலாம்.

வைத்தியர் நேரில் பார்த்தே ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. 2014-ல் அங்கே ஸ்மைல் டைரக்ட் கிளப் என்று ஒரு கம்பெனி தொடங்கிற்று. வாடிக்கைக்காரர் வீட்டிலிருந்தபடியே பல்லின் அச்சை எடுத்தனுப்பினால், பல்லுறைகள் தபாலில் வந்து சேரும். லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். 2023 செப்டம்பரில் கம்பெனி திவாலாயிற்று. டிசம்பரில் கடையை மூடிற்று. பாதி நகர்ந்த பற்களுடன் இருந்தவர்கள் வேறு வைத்தியர்களைத் தேடிப் போகும்படி ஆயிற்று. பல் என்பது தபாலில் சரிப்படுத்தக்கூடிய சரக்கு அல்ல.

நம்மைப் போன்றவர்களுக்குத் தூரமும் ஒரு கணக்கு. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி 50 கிலோமீட்டருக்கு மேல். நாலைந்து வாரத்துக்கு ஒரு தரம் போய்வர வேண்டுமென்றால், இரண்டு வருஷத்தில் இருபது பிரயாணத்துக்கு மேல் ஆகும். பஸ் செலவு, தகப்பனாரின் கூலி நாள், பிள்ளையின் பள்ளிக்கூடம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். பக்கத்திலேயே இருந்து, கம்பி அறுந்தால் மறுநாளே பார்க்கக்கூடிய தேர்ச்சி பெற்ற வைத்தியர், தூரத்துப் பிரபலஸ்தரைவிடப் பல சமயம் மேலானவர்.

நான்காவது கேள்வி: எது?

இப்போது கம்பிக்கே வருவோம். 1728-ல் பாரிஸ் நகரத்துப் பியர் ஃபோஷார், லாடம் போல் வளைந்த உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறையை எழுதிவைத்தார். ஆங்கிளின் காலத்தில் கம்பிகள் தங்கக் கலப்பில் செய்யப்பட்டன. நம் வீட்டுப் பெண்மணிகள் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்! பிறகு எவர்சில்வர் வந்து விலையை இறக்கிற்று. ஒவ்வொரு பல்லுக்கும் வளையம் மாட்டிய காலம் போய், சிறு கொக்கிகளைப் பல்லின்மேல் பசையால் ஒட்டுவது வழக்கமாயிற்று. வாயின் சூட்டில் தன் பழைய வடிவத்துக்குத் தானே திரும்ப முயலும் நிக்கல்–டைட்டானியம் கம்பி 1970-களில் பல் வைத்தியத்துக்கு வந்தது. இன்று கடைவிரித்திருப்பவை இவை:

உலோகக் கொக்கி. பார்வைக்கு முரட்டுத்தனமானது, வேலையில் நம்பகமானது, விலையில் குறைந்தது. எவ்வளவு சிக்கலான கோணலுக்கும் இது ஈடுகொடுக்கும். உடைவது குறைவு. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட ஏற்றது வேறில்லை என்றே சொல்லலாம்.

பீங்கான் கொக்கி. பல்லின் நிறத்தோடு கலந்து நிற்கும். விலை கூடும், உலோகத்தைவிட எளிதில் உடையும், பல்லைவிடக் கடினமாகையால் எதிர்ப் பல்லில் உராய்ந்தால் அதைத் தேய்த்துவிடும். கம்பியைக் கட்டும் நிறமற்ற ரப்பர் வளையங்கள் நம் சாம்பாரின் மஞ்சளை உடனே ஏற்றுக்கொள்ளும். வெள்ளையாயிருக்க வேண்டுமென்று பணம் கொடுத்தவர், மறு வாரம் மஞ்சளாகப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம்.

தானே பூட்டிக்கொள்ளும் கொக்கி. இதில் ரப்பர் வளையம் இல்லை. சிறு கதவு ஒன்று கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. 'சீக்கிரம் முடியும்' என்று சொல்லி விற்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளில் மொத்தக் காலம் குறிப்பிடும்படி குறைந்ததாகத் தெரியவில்லை.

உட்புறக் கொக்கி. பல்லின் பின்புறம், நாக்குப் பக்கம் ஒட்டப்படுவது. வெளியே சிறிதும் தெரியாது. நாக்கு புண்ணாவதும் சில வாரம் பேச்சு தடுமாறுவதும் உண்டு. செலவு மிக அதிகம். செய்யத் தெரிந்தவர்கள் குறைவு.

பல்லுறை. அலைனர் என்பது இதுவே. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. 1997-ல் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி ஒன்று கம்ப்யூட்டர் உதவியால் இதைப் பரவச் செய்தது. ஓரிரு வாரத்துக்கு ஓர் உறையாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். கழற்றிச் சாப்பிடலாம், நன்றாகத் துலக்கலாம். இலேசான, நடுத்தரமான கோணலுக்கு நல்லது. ஆனால் நாளில் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். பேனா மூடியையே நாளுக்கு ஒன்றாகத் தொலைக்கும் பையனிடம் இதைக் கொடுப்பதற்கு முன் பெற்றோர் யோசிக்க வேண்டும். தாமே பொறுப்பேற்கும் வயதினருக்கு இது பொருந்தும். விலையோ உலோகத்தைப் போலப் பல மடங்கு.

கழற்றி மாட்டும் பழைய பிளேட்டும் இருக்கிறது. ஓரிரு பல்லைச் சாய்ப்பதற்கும், வளரும் பிள்ளையின் தாடைக்கும் அது போதும். முழு வரிசையைச் சீராக்க அதனால் ஆகாது.

இவற்றின் வித்தியாசங்களைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று விளங்கும். விலை ஏற ஏற, பெரும்பாலும் வாங்கப்படுவது மறைப்பேயன்றி நேர்மை அல்ல. சாதாரண உலோகக் கம்பியால் நேரான பல்லும், லட்சம் செலவழித்து நேரான பல்லும் ஒரே நேர்தான்.

போட்ட பிறகு

கம்பி ஏறிய முதல் மூன்று நாலு நாளைக்குப் பல் கூசி வலிக்கும். தயிர்சாதம், இட்லி, கஞ்சி என்று ஓட்டலாம். அதன்பின் இரண்டு வருஷத்துக்குச் சில உறவுகளை முறித்துக்கொள்ள வேண்டும். அவற்றுள் முதலாவது, 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் பக்கத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். அது கொக்கியைப் பெயர்த்துவிடும். முறுக்கு, கரும்பு, எலும்புத் துண்டு ஆகியவையும் அப்படியே. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் துலக்காவிட்டால், கம்பி கழன்ற நாளில் பல் நேராயிருக்கும். ஆனால் கொக்கி இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் தழும்பு தெரியும். அது சொத்தையின் ஆரம்பம்.

எல்லாவற்றிலும் பலர் தவறவிடுவது கடைசிப் படியை. கம்பியைக் கழற்றியவுடன் பல் பழைய இடத்தையே நாடும். அதைத் தடுக்க ரிட்டெய்னர் என்ற காவற்பிளேட்டைக் கொடுப்பார்கள். முதலில் பகலும் இரவும், பிறகு இரவு மட்டும், பல வருஷம் அதை மாட்டியிருக்க வேண்டும். செலவு முடிந்தது என்று எண்ணி அதை மேஜை அறையில் போட்டுவிட்டால், இரண்டு வருஷப் பாடு வீணாகும்.

ஆகவே, வைத்தியர் வீட்டுப் படியேறும்போது இந்த ஐந்து கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை செய்யாவிட்டால் என்ன ஆகும்? எத்தனை மாதம் பிடிக்கும்? பல் எடுக்க வேண்டுமானால் எந்த அளவின்படி? மொத்தச் செலவில் ரிட்டெய்னரும் சேர்ந்ததா? நடுவில் கொக்கி பெயர்ந்தால் யார் பார்ப்பார்? இவற்றுக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்பவர் எந்தக் கம்பியைச் சிபாரிசு செய்கிறாரோ, அதைத் தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம். கைக்கு அடங்காத செலவானால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். போதனை நடக்கும் அரசினர் பல் மருத்துவமனைகளில் காத்திருப்பு அதிகம், கட்டணம் குறைவு.

உலோகம் வெளியே தெரிகிறதே என்று பிள்ளை தயங்கினால், கணக்குப் பரீட்சைக்கு இரண்டு வருஷம் படிப்பதை யாரும் ஒளித்துச் செய்வதில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். கம்பி தெரிவதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஒரு பிள்ளையின் பல்லுக்காக ஒரு குடும்பம் சிரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.